‘சட்டப்படி’: எந்தச் சட்டப்படி?

கல்முனையிலும் அதனை அடுத்த கரையோரப் பட்டினங்களிலும் தனியார் நிறுவனங்கள் வழங்கும் நியமனக் கடிதங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் சொல்வதானால், காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டவாறான சட்டங்களுக்கு அமையச் சகல கழிவுகளும் உமது சம்பளத்திலிருந்து அறவிடப்படும் என்பதே அதன் சாரம். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகமொன்றின் கணினியில் என்றோ ஒருவர் தட்டச்சுச் செய்து வைத்த வாக்கியம். சாய்ந்தமருதில் நிதி நிறுவனக் கிளையொன்றில் சேரும் இளைஞனும், நிந்தவூரில் காப்புறுதி முகவர் நிலையத்தில் எழுதுவினைஞராகச் சேரும் பெண்ணும், அக்கரைப்பற்றில் தனியார் வைத்தியசாலையில் சேரும் தாதியும் அதன் கீழ் ஒப்பமிடுகிறார்கள். ‘எந்தச் சட்டப்படி? எவ்வளவு? யார் கையிலிருந்து?’ என்று கேட்டுவிட்டு ஒப்பமிட்டவர்களை, இத்தனை ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் நான் கண்டவரை, விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வாக்கியம் ஊழியருக்கு அளிக்கப்படும் உறுதிமொழி அல்ல என்பதே என் வாதம். அது முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் திறந்துவைக்கப்பட்ட பின்கதவு. ஒப்பமிடுகிறவர் அந்தக் கதவு இருப்பதையே அறியமாட்டார்.

முதலில், ‘சட்டம்’ என்று ஒருமையில் சொல்லப்படுவது ஒரு சட்டமல்ல என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதியை 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஆள்கிறது. ஊழியரின் மாத உழைப்பூதியத்தில் 8 வீதத்தை அவரிடமிருந்து கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதத்தைச் சேர்த்துச் செலுத்தவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதம் முழுவதும் முதலாளியின் கையிலிருந்தே செல்லவேண்டும். அதற்குரியது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோரின் நேரத்தையும் விடுமுறையையும் நியமன விபரங்களையும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் கவனிக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வருமான வரிக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம்.

ஐந்து சட்டங்களை ஒரே சொல்லில் சுருட்டி வைத்தால், அவற்றுள் எது தனக்குத் தருகிறது, எது தன்னிடமிருந்து எடுக்கிறது என்று ஊழியர் எப்படிப் பிரித்தறிவார்? தரவேண்டியதும் எடுக்கவேண்டியதும் ‘சட்டப்படி’ என்ற ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன. எடுக்கவேண்டியதை மாத இறுதியில் மறக்காமல் எடுத்துவிடுகிறார்கள். தரவேண்டியதைத்தான் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது.

இதில் மொழிச் சிக்கலும் உண்டு. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது சுட்டிக்காட்டும் சட்டம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஆனால் இந்நாட்டில் இன்று நிறைவேற்றப்படும் சட்டங்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு இருக்கும். ஆகவே கல்முனையில் தமிழ் பேசி, தமிழில் படித்து, தமிழில் வேலை செய்யும் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் கீழ், சிங்களத்தில் இறுதிப் பொருள் கொள்ளப்படும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒப்பமிடுகிறார். தமிழும் நிருவாக மொழி என்று அரசியலமைப்பில் எழுதி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அந்த உரிமை நியமனக் கடிதத்தின் ஒரு தாளைக்கூட இன்னும் எட்டவில்லை.

‘காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டவாறு’ என்ற சொற்றொடர் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். மாதம் 150,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வங்கியொன்றிலோ அத்தகையவர்கள் இருக்கிறார்கள். 2022இல் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை வரிவிலக்கு இருந்தது. அவர் சம்பளத்தில் ஒரு சதமும் வரியாகப் போகவில்லை. 2023 ஜனவரியில் விலக்கு 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. அதே சம்பளத்திலிருந்து மாதம் 3,500 ரூபா போயிற்று. 2025 ஏப்ரலில் விலக்கு 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது, மறுபடியும் பூச்சியம். மாதம் 300,000 ரூபா பெறுபவருக்கு 2023இல் 35,000 ரூபா, 2025 ஏப்ரலின் பின் 18,500 ரூபா. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கையில் கிடைக்கும் பணம் மட்டும் இரண்டு முறை மாறியது.

வரியின் பெயர்கூட நிலைத்து நிற்கவில்லை. நம் பெற்றோர் காலத்திலிருந்து ‘பேயி’ என்று அழைக்கப்பட்ட, சம்பளத்திலிருந்தே கழிக்கும் வரி 2020 ஜனவரி முதலாம் திகதியோடு ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் அவ்வாண்டு ஏப்ரலில் வந்த ‘ஏபிட்’ என்ற முற்பண வரி ஊழியர் சம்மதித்தால் மட்டுமே கழிக்கப்படலாம் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அது கட்டாயமாயிற்று. எந்த ஆண்டில் எது சம்மதத்தின்பேரில், எது கட்டாயத்தின்பேரில் என்று தெரியாமலே பலர் சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

சட்டத்தரணிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். சட்டம் மாறக்கூடியது, மாறும் சட்டத்தை ஒப்பந்தம் பின்தொடரத்தான் வேண்டும், ரத்தான சட்டத்தைச் சுட்டும் ஆவணத்தை அதற்குப் பதிலாக வந்த சட்டத்தைச் சுட்டுவதாகக் கொள்ளப் பொருள்கோடல் கட்டளைச் சட்டமே வழிவிடுகிறது என்பார்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். சட்டம் மாறுவதை நான் குறைசொல்லவில்லை. மாறிய செய்தி யாருக்குச் சொல்லப்படுகிறது, மாற்றத்தின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதே கேள்வி. மேலதிகாரிகள் சிலரின் ஒப்பந்தங்களில் வரியை நிறுவனமே ஏற்கும் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கும். நிறுவனம் கட்டும் அந்த வரியும் அவர்களின் வருமானமாகக் கொள்ளப்பட்டு வரிமேல் வரி கணிக்கப்படும்; அதையும் நிறுவனமே செலுத்தும். மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு இவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்த பேனைக்கு, இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எழுதும்போது மட்டும் ‘சட்டப்படி’ என்ற ஒரு சொல்லுக்குமேல் மை வருவதில்லை.

‘நமக்கேன் இந்தக் கதை? ஒன்றரை இலட்சம் சம்பளம் வாங்குபவனல்லவா வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?’ என்று கல்முனை பஸாரில் நாள் முழுவதும் நின்று துணி விரிக்கும் தம்பி கேட்கலாம். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் சம்பளம் வரி எல்லைக்கு எத்தனையோ கீழே இருக்கிறது. ஆனாலும் அவர் வரி செலுத்துகிறார். எப்படி?

அவருடைய சேமலாப நிதி திறைசேரி முறிகளில் முதலிடப்பட்டிருக்கிறது. இந்நிதியமே நாட்டின் மிகப் பெரிய ஓய்வுகால நிதியம். அதன் பணத்தில் மிகப் பெரும் பகுதி அரசாங்கத்துக்கே கடனாகப் போயிருக்கிறது. அந்த முறிகளின் வட்டியில் 100 ரூபா வந்தால் 14 ரூபா வரியாகப் போகிறது. தனிமனிதனுக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் விலக்கு உண்டு. அதே மனிதனின் சேமிப்பு நிதியத்துக்குள் போய்விட்டால் விலக்கு இல்லை. நிதியத்தில் கோடிகள் இருக்கின்றன என்பது உண்மை. அந்தக் கோடிகள் 35,000, 40,000 ரூபா சம்பளக்காரர்களின் துளிகளால் சேர்ந்தவை என்பதும் உண்மைதான்.

2023இல் நடந்தது இதைவிடக் கொடியது. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திற்று. அதைத் தொடர்ந்து உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்க முடிவாயிற்று. 2023 ஜூலை முதலாம் திகதி அந்தத் தீர்மானம் பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஓய்வுகால நிதியங்கள் தம்மிடமிருந்த பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, நீண்ட காலத்தில் முதிரும் புதிய முறிகளைப் பெறவேண்டும். அவற்றுக்குச் சில ஆண்டுகள் 12 வீத வட்டி, அதன்பின் முதிர்வு வரை 9 வீதம். இது விருப்பத்தின்பேரில் என்று அறிவிக்கப்பட்டது. அவ்விருப்பத்தின் இலட்சணத்தைக் கேளுங்கள்: சேரும் நிதியத்துக்கு முறி வருமானத்தின்மேல் வரி 14 வீதமாகவே இருக்கும், சேராத நிதியத்துக்கு 30 வீதம்! செப்டெம்பரில் உள்நாட்டு இறைவரிச் சட்டம் அதற்காகவே திருத்தப்பட்டது. தலைக்குமேல் வாளைத் தொங்கவிட்டு ‘உன் விருப்பம் என்ன?’ என்று கேட்டார்கள். நிதியத்தை நிருவகிப்பவர்கள் மாற்றீட்டைத் தெரிவுசெய்தார்கள். வேறென்ன செய்திருக்க முடியும்?

வங்கிகளின் முறிகளில் கைவைக்கவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி செலுத்துகின்றன, அவை ஆட்டங்கண்டால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று காரணம் கூறப்பட்டது. அது நியாயமாகவே இருக்கட்டும். சேமலாப நிதியின் உறுப்பினரும் ஒரு வைப்பாளர்தானே? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம்; அந்த ஆண்டுக்கு நிதியம் உறுப்பினர்களுக்கு வழங்கிய வட்டி 9 வீதம். சேமிப்பின் பெறுமதி ஏற்கெனவே பாதியாய்ப்போனவர்களிடந்தான் மறுபடியும் தியாகம் கேட்கப்பட்டது.

நியமனக் கடிதத்தில் ‘ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு அமைய’ என்று எழுதியிருக்கும். அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது. 8 வீதமும் 12 வீதமும் மாறவில்லை. ஊழியரின் முதுமைக்கால வருமானத்தை மாற்றியது கடிதத்தில் அந்த நிதியோடு சேர்த்துப் பேசப்படாத இன்னொரு சட்டம். பேர் சொன்ன வாசலில் காவல் இருந்தது. பேர் சொல்லாத வாசலால் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வரிச் சட்டம் என்பது பணக்காரரின் தலைவலி என்று இன்னும் நம்புவோர் இந்த ஒரு நிகழ்வை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கொழும்பைத் திட்டிவிட்டு நம் பஸாரைத் தப்பவிடுவது நேர்மையாகாது. நிதியத்துக்குள் போன பணத்தின் கதி அதுவென்றால், போகவே போகாத பணத்தின் கதை நம்மூர்க் கடைகளில் இருக்கிறது.

சேமலாப நிதிச் சட்டம் உழைப்பூதியம் என்று எதைச் சொல்கிறது? அடிப்படைச் சம்பளத்தை மட்டுமல்ல. வாழ்க்கைச் செலவுப் படியும் அதையொத்த படிகளும், விடுமுறை நாட்களுக்கான கொடுப்பனவும், முதலாளி வழங்கும் சமைத்த அல்லது சமைக்காத உணவின் பணப் பெறுமதியும் அதில் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவுதான் அடங்காது. ‘பகல் சாப்பாடு நம்ம கடையில்தான்’ என்று பெருந்தன்மையோடு சொல்லும் முதலாளிமார், அந்தச் சோற்றுக்கும் 12 வீதம் உண்டு என்பதை அறிவார்களா? மருதமுனையின் தறியில் முழக் கணக்கில் கூலி பெறும் நெசவாளி, ஒரு முதலாளியின்கீழ் வேலை செய்பவராயின், துண்டுவேலைக்காரர் என்பதற்காக அவரை விலக்க முடியாது. தரகுக் கூலிக்கு வேலை செய்பவரும் தற்காலிக ஊழியரும் அவ்வாறே.

நடப்பது வேறு. 45,000 ரூபா கொடுத்துவிட்டு, ஏட்டில் 30,000 ரூபாவை அடிப்படைச் சம்பளம் என்றும் 15,000 ரூபாவை ‘ஊக்குவிப்பு’ என்றும் எழுதுவார்கள். மாதாமாதம் தவறாமல் ஒரே அளவில் கிடைக்கும் தொகைக்கு ஊக்குவிப்பு என்று பெயரிட்டால் அது சம்பளமில்லாமல் போய்விடுமா? அந்த 15,000 ரூபாவுக்கு முதலாளியின் 12 வீதம் 1,800 ரூபா, ஆண்டுக்கு 21,600, இருபது ஆண்டுக்கு, வட்டியை விட்டுவிட்டே பார்த்தாலும், 432,000 ரூபா. ஒரு குமரின் கல்யாணச் செலவில் பாதியாவது தேறும். இதற்குமேல் பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டு சேவையை முடித்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். ஆனால் பதினைந்து பேருக்குக் குறையாமல் ஊழியர் இருந்த இடங்களுக்கே அந்தச் சட்டம் நேராகப் பொருந்தும். ஒரே முதலாளியின் மூன்று கடைகள் மூன்று பெயரில் பதியப்படுவதற்கும் இந்தப் பதினைந்து என்ற எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் இரண்டு. ஒன்று, ‘நம்மட ஆக்களுக்குள்ள கடுதாசி எதுக்கு? நம்பிக்கைதான்’ என்பது. கடைக்குக் கடன் கொடுத்த வங்கியிடமும் சரக்கனுப்பும் கொழும்பு மொத்த வியாபாரியிடமும் இந்த வசனத்தைச் சொல்லிப் பார்க்கட்டுமே! இரண்டாவது, சேமலாப நிதி வட்டி கலந்தது, ஆகவே எங்களுக்கு ஒவ்வாதது என்பது. வட்டியைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த 12 வீதம் வட்டியல்ல. ஊழியரின் உழைப்புக்குச் சட்டம் நிர்ணயித்த கூலியின் ஒரு பகுதி. கூலியைத் தாமதியாமல் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தின் பெயராலேயே கூலியைப் பிடித்து வைப்பதற்கு எந்தக் கிதாபில் இடமிருக்கிறது? தாமதித்தால் சட்டமும் சும்மா விடுவதில்லை. நிலுவைக்கு 5 வீதத்தில் தொடங்கி, ஓராண்டைத் தாண்டினால் 50 வீதம் வரை மிகைக் கட்டணம் விதிக்கலாம். ஆனால் முறைப்பாடு செய்தால்தானே?

நம்மவர்களுக்குக் கேட்கத் தெரியாது என்பதல்ல. இதே கரையோரத்திலிருந்து சவூதிக்குப் போனவர்களைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து வரும்போது ‘சேர்விஸ் காசு’ எவ்வளவு என்று அவர்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள்: முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம். அரபு நாட்டின் தொழிற்சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர், ஊருக்குத் திரும்பிக் கல்முனையில் வேலைக்குச் சேர்ந்ததும் சொந்த நாட்டின் பணிக்கொடைச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அங்கே கேட்பது உரிமை, இங்கே கேட்டால் நன்றிகெட்டதனம் என்று நாமே ஒரு வழக்கத்தை வளர்த்து வைத்திருக்கிறோம்.

வரிச் சட்டத்தின்மேல் ஊழியர் நலன்கள் கட்டப்படுவது உலகெங்கும் உள்ளதுதான். அமெரிக்காவில் வாழும் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும்: அங்கே ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்துக்குப் பெயரே ‘நானூற்றொன்று கே’. அது கூட்டாட்சி வரிச் சட்டத்தின் ஒரு பிரிவின் இலக்கம்! திட்ட ஆவணங்களில் 1986ஆம் ஆண்டின் வரிக் கோவை, திருத்தப்பட்டவாறு, என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனால் 1974இல் அந்நாடு இயற்றிய ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றையும் கட்டாயமாக்கியது. திட்டத்தின் சுருக்கத்தை, சாதாரண உறுப்பினர் ஒருவர் விளங்கிக்கொள்ளும் நடையில் எழுதி, அவர் கையில் கொடுக்கவேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத, ஒரே மொழி பேசும் ஊழியர்கள் குறித்த அளவுக்குமேல் இருந்தால், அவர்களது மொழியில் உதவி கிடைக்கும் என்பதை அந்த மொழியிலேயே அறிவிக்கவும் வேண்டும். அமெரிக்கத் தொழிலாளிக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. சட்ட இலக்கத்தைக் காட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது போதாது என்பதை அந்த முதலாளித்துவ நாடே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்கீழ் நியமன விபரங்களை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. சேமலாப நிதியும் பணிக்கொடையும் பற்றிய நிபந்தனைகளும் அந்த விபரங்களில் அடங்கும். எழுபது ஆண்டு பழைய கடமை இது. ஆகவே நான் கோருபவை வானத்து வில்லை வளைக்கும் காரியங்களல்ல.

நியமனக் கடிதம் ஊழியரின் மொழியில் இருக்கவேண்டும். கல்முனையில் அது தமிழ். ‘சட்டப்படி’ என்ற சொல் வருமிடத்தில் எல்லாம் சட்டத்தின் பெயர், வீதம், எந்தத் தொகையின்மேல் கணிக்கப்படுகிறது, யார் செலுத்துவது என்ற நான்கும் எழுதப்படவேண்டும். வரி விதி மாறினால், மாறிய மாதத்தின் சம்பளச் சீட்டில் அதை ஒரு வரியில் தெரிவிக்கவேண்டும். சேமலாப நிதியின் ஆண்டுக் கணக்குக் கூற்றில், அவ்வாண்டு நிதியத்தின் வருமானத்திலிருந்து வரியாகப் போனது எவ்வளவு என்பதை உறுப்பினருக்குக் காட்டவேண்டும். தொழிலாளரின் நிதியத்தை வழிக்குக் கொண்டுவரும் சாட்டையாக வரி வீதத்தை இனி ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. அதற்கான தடையை சேமலாப நிதிச் சட்டத்துக்குள்ளேயே எழுதவேண்டும்.

முதல் மூன்றுக்கும் பாராளுமன்றம் தேவையில்லை. வர்த்தக சங்கங்கள் ஒரு மாதிரிக் கடிதத்தைத் தயாரித்து விநியோகித்தால் போதும். பெருநாள் விற்பனை நேரத்தையும் வெள்ளிக்கிழமைக் கடையடைப்பையும் கூடிப் பேசித் தீர்மானிக்க முடிந்த சங்கங்களுக்கு இது முடியாததல்ல. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் குடும்பப் பிணக்குகளைத் தீர்க்கின்றன; ஊழியரின் கூலிப் பிணக்கும் அவற்றின் கவனத்துக்கு உரியதே. நம்மிடையே சட்டத்தரணிகளுக்கும் கணக்காளர்களுக்கும் பஞ்சமில்லை. முதலாளிமாரின் வரிக் கோப்பைக் கவனிக்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை அவர்கள் ஊழியரின் கடிதத்துக்கும் ஒதுக்கலாம்.

கடைசி இரண்டும் பாராளுமன்றத்தின் வேலை. அம்பாறை மாவட்டத்திலிருந்து அங்கே போய் அமர்ந்திருப்பவர்கள், அடுத்த முறை உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்குத் திருத்தம் வரும்போது, கட்சிக் கொறடாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வியை எழுப்பட்டும்: இந்தத் திருத்தம் எங்கள் பஸாரில் நிற்கும் ஊழியரின் முதுமையிலிருந்து எவ்வளவை எடுக்கிறது? அந்தக் கேள்விக்குத் தமிழில் விடை கிடைக்கும்வரை, வாக்களிக்கக் கை உயர்த்த அவர்களுக்கு உரிமையில்லை.